பீனிசமும் இழுப்பும்

தை மாதத்தில், சம்பா அறுவடை முடிந்து கதிர்க்கட்டுகள் களத்துக்கு வந்து சேர்ந்த பிறகு, திருவையாற்றுக்கு மேற்கே காவிரிக் கரையில் இருந்த எங்கள் ஊரில் இரவு நெடுநேரம் வரையில் இரண்டு ஒலிகள் கேட்டுக்கொண்டிருக்கும். ஒன்று, பிணையல் மாடுகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் போரடிக்கிறவர்களின் குரல். மற்றொன்று, எங்கள் வீட்டுத் திண்ணையில் இரு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, தோள்களைத் தூக்கித் தூக்கி மூச்சுக்குத் தவித்த என் பெரியப்பாவின் இழுப்பு. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் அவர் படுக்கமாட்டார். பேசினால் இருமல் வரும் என்பதால் பேசவும் மாட்டார். பகலில் நெல் தூற்றும்போது முறத்திலிருந்து சரியும் மணி நேரே கீழே விழ, பதரும் வைக்கோல் தூளும் கண்ணுக்குத் தெரியாத சுணையும் வாடைக் காற்றோடு தெருப்பக்கம் வந்துவிடும். களத்தில் நின்ற ஆட்களெல்லாம் துண்டால் மூக்கை இறுகக் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள்; களத்துக்கே போகாத என் பெரியப்பாவைத் தேடிக்கொண்டு அந்தத் தூசி வீட்டுக்கு வந்தது.

முதல் நாள் விடாத தும்மல். பத்து, பதினைந்து என்று அடுக்காக வரும். இரண்டாம் நாள் மூக்கு இரண்டும் அடைத்து, நெற்றியும் கன்னத்து எலும்பும் கனத்துப்போகும். நொச்சி இலையைக் கொதிக்கவைத்து, கம்பளியைப் போர்த்தி, என் பாட்டியார் அவருக்கு வேது பிடிக்கவைப்பார். நெற்றிக்குச் சுக்குப் பற்றும் உண்டு. அதற்கும் அடங்காமல் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நெஞ்சில் பூனை கத்துவதைப் போன்ற ஒலி தொடங்கிவிட்டால், “மூக்கில் இருந்தது நெஞ்சில் இறங்கிவிட்டது” என்று பாட்டியார் சொல்லுவார். எழுத்தறியாத அந்த அம்மையார் சொன்ன அவ்வொரு வாக்கியத்தை மேல்நாட்டு வைத்திய சாஸ்திரம் ஒருமுறை ஏற்று, பிறகு அஞ்சி விலக்கி, மறுபடியும் பரிசோதனைகளால் தெளிந்து ஏற்றுக்கொள்ள நூறு வருஷங்களுக்கு மேல் ஆயின. அந்தச் சரித்திரத்தில் தஞ்சைச் சீமைக்கும் சிறிது பங்கு உண்டு.

பீனிசம் என்று நம் வைத்தியர்கள் சொல்லுவது ஸம்ஸ்கிருதத்தில் ‘பீனஸம்’ எனப்படும் நோய். இன்று சைனஸ் என்று ஊரெல்லாம் வழங்குவதும் பெரும்பாலும் அதுவே. சுசுருத ஸம்ஹிதையின் உத்தர தந்திரத்தில் நாசி ரோகங்களுக்கென்றே தனி அத்தியாயங்கள் இருக்கின்றன. மூக்கினுள் வளரும் சதையை நாசார்சஸ் என்று பெயரிட்டுப் பேசும் அந்தக் கிரந்தம், கவனியாமல் முற்றவிட்ட பீனஸமானது செவிட்டையும் கண்ணோயையும் மோப்பம் அறியாத தன்மையையும் மட்டுமன்றிக் காசத்தையும், அதாவது இருமலையும், உண்டாக்கும் என்று கூறுகிறது. மூக்கின் வியாதிக்கும் மார்பின் வியாதிக்கும் உறவு உண்டு என்னும் கருத்து இந்நாட்டில் அவ்வளவு பழமையானது.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் வைத்தியத்தைப் பற்றிய செய்திகள் உண்டு. இராசராசனுடைய தமக்கையார் குந்தவைப் பிராட்டியார் தம் தந்தையாராகிய சுந்தர சோழரின் பெயரால் தஞ்சாவூரில் ஓர் ஆதுலசாலை, அதாவது மருத்துவசாலை, அமைத்து, அங்கு வைத்தியம் பார்ப்பவருக்கு நிலமும் விட்டார். ஆனால் ஒரு சோழ மருத்துவசாலையின் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டுமானால், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலுக்குப் போகவேண்டும். வீரராசேந்திரன் காலத்ததாகிய, 1069-ஐ ஒட்டிய அங்குள்ள நெடிய கல்வெட்டு, பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்றைச் சொல்லுகிறது. அதில் ஒரு வைத்தியர், சல்லியக்கிரியை செய்கிறவர் ஒருவர், மூலிகை கொண்டுவருகிறவர்கள், மருந்து அடும் பெண்டுகள், ஒரு நாவிதர் என்று எல்லாரும் கணக்கிடப்பட்டிருக்கிறார்கள். ஓராண்டுக்கென்று இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் ‘வாசா ஹரீதகி’ என்பது ஒன்று. வாசா என்பது நம் வேலியோரங்களில் வளரும் ஆடாதோடை; ஹரீதகி என்பது கடுக்காய். காசத்துக்கும் சுவாச நோய்க்கும் வைத்தியர்கள் இன்றளவும் கொடுக்கிற கூட்டு அது. மருந்து கொடுக்கிறவரும் கத்தி எடுக்கிறவரும் ஒரே கூரையின்கீழ் இருந்து ஒரே நோயாளியைப் பார்த்த அந்த ஏற்பாட்டை, இந்த நோயைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வதுண்டு.

பிற்காலத்தில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்தவர்) அவ்வாறே இருவகை வைத்தியர்களை ஒரே கூரையின்கீழ் ஒன்றுசேர்க்க முயன்றார். ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் வளர்ந்து மேல்நாட்டுக் கல்வியும் பெற்ற அவ்வரசர் நிறுவிய தன்வந்தரி மஹாலில் நாட்டு வைத்தியரும் மேல்நாட்டு முறை அறிந்தவரும் கூடி மருந்துகளை ஆராய்ந்தார்கள். கண்ணோயாளிகளின் விழிகளை வர்ணத்தில் எழுதுவித்து, ஒவ்வொருவருக்கும் செய்த சிகிச்சையையும் அதன் பலனையும் குறித்து வைத்த ஏடுகள் சரஸ்வதி மஹால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. அனுபவத்தில் தேறிய முறைகளைப் புலவர்களைக் கொண்டு தமிழ்ச் செய்யுளாகப் பாடுவித்தார். அவையே சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரால், நோய்வாரியாகப் பகுக்கப்பட்டுப் பின்னர் அச்சேறின. சுவாச காசங்களுக்கும் அவற்றில் இடம் உண்டு. நோயாளியின் பெயர், சிகிச்சை, பலன் என்று வரிசையாக எழுதிவைக்கும் அந்த வழக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு சிகிச்சை யாருக்குப் பலித்தது, யாருக்குப் பலிக்கவில்லை என்று எழுதிவைத்தால்தான் பின்னால் வருகிறவர் கற்க முடியும்; மூக்கு ரண சிகிச்சையின் சரித்திரம் முழுவதும் அப்படி எழுதிவைத்ததனாலும் எழுதத் தவறியதனாலும் விளைந்ததுதான்.

சரபோஜி தஞ்சையில் ஆண்டிருந்த அதே காலத்தில், 1802-இல், ஒரு தமிழ்நாட்டு மருந்து கப்பலேறிற்று. சென்னையில் கிழக்கிந்தியக் கும்பெனியின் தலைமை வைத்தியராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், இழுப்புக்காரர்கள் ஊமத்தையைப் புகைத்து மூச்சுத் தணிவு பெறுவதைக் கண்டு அதைப் பரிந்துரைத்தார். ஜெனரல் ஜென்ட் என்னும் சேனாதிபதி அந்த ஊமத்தையை இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்று அங்குள்ள வைத்தியர்களிடம் கொடுத்தார். ஐரோப்பாவில் நூறாண்டுகளுக்கு மேல் கடைகளில் விற்ற ஆஸ்துமாச் சுருட்டுகளின் பூர்வோத்தரம் இதுதான். ஊமத்தை கொடிய விஷம். இதைப் படிக்கிறவர் எவரும் அதைத் தொடவேண்டாம். ஆனால் அதன் சத்தாகிய அட்ரோபினின் வழிவந்த மருந்து ஒன்று, விஷம் நீங்கிய உருவில், இன்றைய இன்ஹேலர்கள் சிலவற்றில் இருக்கிறது.

தஞ்சாவூரில் இந்த வைத்திய மரபு அரண்மனையோடு நின்றுவிடவில்லை. இசை ஆராய்ச்சியால் பெரும்புகழ் பெற்ற ஆபிரகாம் பண்டிதர் (1859 – 1919) வாழ்க்கையை நடத்தியது வைத்தியத்தால்தான். அவருடைய கருணாநிதி வைத்தியசாலையின் கோரோசனை மாத்திரை இந்தியாவில் மட்டுமன்றி, தமிழர் குடியேறிய இலங்கை, பர்மா முதலிய நாடுகளிலும் வழங்கிற்று. அரச குடும்பத்தாரும் மிராசுதார்களும் கொடுத்த பொருளால் எழுந்த ராஜா மிராசுதார் மருத்துவமனையும், 1959-இல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியும் வந்த பிறகு, காது மூக்கு தொண்டைக்கு ஒரு வைத்தியர், நெஞ்சுக்கு ஒரு வைத்தியர் என்ற பிரிவும் வந்தது. அறிவு பெருகும்போது பிரிவு வேண்டியதே. ஆயினும் தும்மலோடு ஒரு வாசலிலும் இழுப்போடு மற்றொரு வாசலிலும் நின்ற நோயாளி, இரண்டும் தமக்கு ஒருங்கே இருப்பதைச் சொல்லுவதற்கு இடமில்லாமல் திரும்பிவந்த நாட்கள் பல.

மேல்நாட்டில் ரணவைத்தியர்கள் இந்த நோயைத் தொட்ட கதைக்கு வருவோம். கன்னத்து எலும்பினுள் இருக்கும் பெரிய குழியை நத்தானியேல் ஹைமோர் என்பவர் 1651-லேயே விவரித்து எழுதினார். இருநூறு வருஷங்களுக்குப் பின், 1871-இல், பிரெஸ்லாவ் நகரத்து வோல்டோலினி என்னும் வைத்தியர், மூக்கில் வளர்ந்த சதையை எடுத்தவுடன் நோயாளியின் ஆஸ்துமாவும் தணிந்ததைக் கண்டு அறிவித்தார். அதைக் கேட்ட ஐரோப்பிய வைத்தியர்கள் பலர், ஆஸ்துமாவின் வேர் மூக்கிலேயே இருக்கிறது, மூக்கைச் சுத்தம் செய்தால் இழுப்பு அடியோடு போய்விடும் என்று நம்பிப் பல ஆண்டுகள் மூக்கைச் சுட்டும் வெட்டியும் வந்தார்கள். நியூயார்க்கில் 1893-இல் கால்டுவெல் என்பவரும் (நம் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் வேறு), பாரிஸில் 1897-இல் லூக் என்பவரும் தனித்தனியே ஒரு முறையைக் கண்டார்கள். மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே எலும்பைத் துளைத்துக் கன்னக் குழிக்குள் புகுந்து, அங்குள்ள தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, மூக்கின் அடிப்பக்கமாக ஒரு புது வழி திறந்துவிடுவது அது. இருவர் பெயரையும் தாங்கிய அச்சிகிச்சை 1980-கள் வரையில் உலகமெங்கும் நடந்தது; நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் நடந்தது. கன்னம் வீங்கி, பல் மரத்து, வாரக்கணக்கில் கஞ்சி குடித்தவர்களை நான் அறிவேன்.

அவ்வளவு துன்பப்பட்டும் பலருக்குச் சளி மறுபடியும் கட்டியது ஏன் என்பதை, காவிரிப் பாசனத்தில் வாய்க்கால் வெட்டிப் பழகினவருக்கு எளிதில் சொல்லிவிடலாம். வயலில் தேங்கிய நீர் தன் வாட்டம் உள்ள பக்கமாகத்தான் ஓடும். வாட்டம் வடக்கே இருக்க, தெற்கு வரப்பை எவ்வளவு அகலமாக வெட்டிவிட்டாலும் நீர் அந்தப் பக்கம் திரும்பாது. மூக்குக் குழிகளுக்குள்ளும் அப்படி ஒரு வாட்டம் இருக்கிறது. அங்குள்ள மெல்லிய தோலில் கண்ணுக்குப் புலப்படாத உரோமங்கள் இடைவிடாமல் அசைந்து, சளியை ஒரே திசையில், குழியின் மேற்பக்கத்தில் இயற்கை வைத்த சிறு துவாரத்தை நோக்கியே தள்ளிக்கொண்டிருக்கின்றன. கீழே புதிதாகத் துளைத்த வழி திறந்தே இருந்தாலும், சளி அதைக் கடந்து அந்தப் பழைய துவாரத்துக்கே ஏறிச் செல்லுகிறது. ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்து மெஸர்கிளிங்கர் பல ஆண்டுகள் பொறுமையாகப் பார்த்துத் தெளிந்த உண்மை இது. அவர் பார்ப்பதற்குத் துணைசெய்தது, ஹாப்கின்ஸ் என்னும் ஆங்கிலேய பௌதிக விஞ்ஞானி 1959-ஐ ஒட்டி அமைத்த, விரற்கனம்கூட இல்லாத, கண்ணாடித் தண்டுகள் பொருத்திய எண்டோஸ்கோப். இயற்கைத் துவாரத்தின் வாயில் உள்ள அடைப்பை மட்டும் நீக்கி, உட்புறத் தோலைச் சுரண்டாமல் விட்டால் குழி தானே தேறிவிடும் என்று அவர் காட்டினார். அவருடைய மாணாக்கர் ஸ்டாம்பெர்கரும் பால்டிமோரில் கென்னடியும் 1985 முதல் அதை உலகுக்குக் கற்பித்தார்கள். இன்று தஞ்சாவூரில் ‘சைனஸ் எண்டோஸ்கோப்பி ஆபரேஷன்’ என்று சொல்லுவது இதைத்தான்.

ஆனால் இதற்கு இடையில் ஒரு நீண்ட அச்சக் காலம் இருந்தது. 1920-கள் முதல் சில வைத்தியர்கள், மூக்குச் சதையை எடுத்த பிறகு ஆஸ்துமா மிகுந்துவிடுகிறது, இல்லாதவருக்கும் வந்துவிடுகிறது என்று எழுதினார்கள். முன்பு எல்லை கடந்து நம்பிய உலகம் இப்போது அவ்வளவுக்கு அஞ்சிற்று. இழுப்பு உள்ளவர் என்றால் மூக்கில் கத்தி வைக்காதே என்பது பல ஆண்டுகள் பாடமாகவே இருந்தது.

என் சித்தியின் நோயில் நான் அந்த அச்சத்தை நேரில் கண்டேன். அவருடைய மூக்கில் வளர்ந்த சதையை ஒரு தடவை வைத்தியர் விளக்கொளியில் எனக்குக் காட்டினார். நுங்குச் சுளையைப் போல வெளிறிப் பளபளத்துக்கொண்டிருந்தது. கம்பிச் சுருக்குப் போட்டு இழுத்து மூன்று முறை எடுத்தார்கள். மூன்று முறையும் சில மாதங்களில் வளர்ந்துவிட்டது. இரண்டாம் முறை எடுத்த அன்று இரவு, வலிக்கு வீட்டில் இருந்த தலைவலி மாத்திரை ஒன்றை விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள், முகம் சிவந்து, அதுவரை கண்டிராத இழுப்பு வந்து, அட்ரினலின் ஊசி போட்டுத்தான் பிழைத்தார். ஆபரேஷனால் வந்த வினை என்றே நாங்கள் எல்லாரும் நம்பினோம். வைத்தியரும் அப்படியே எண்ணினார். பல ஆண்டுகளுக்குப் பின் ஓர் இளம் மருத்துவர்தான், “அம்மா, அன்றைக்கு என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டார். ஆஸ்பிரின் என்று தெரிந்ததும் அவர் எழுதுகோலை வைத்துவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்ததை நான் மறக்கவில்லை.

மூக்குச் சதை, ஆஸ்துமா, ஆஸ்பிரின் ஒவ்வாமை ஆகிய மூன்றும் சிலருக்கு ஒருங்கே வரும் என்பதைப் பாரிஸ் நகரத்து விடாலும் அவருடைய கூட்டாளிகளும் 1922-லேயே எழுதியிருந்தார்கள். உலகம் அதைக் கவனிக்கவில்லை. அமெரிக்காவில் சாம்டரும் பியர்ஸும் 1968-இல் மறுபடியும் எடுத்துச் சொன்ன பிறகே அது பாடப் புத்தகங்களில் ஏறிற்று. ரண சிகிச்சையின் மேல் சுமத்தப்பட்ட பழியில் எவ்வளவு பங்கு இப்படி மாத்திரைக்கும், தணிக்காமல் விட்ட இழுப்புக்கும் உரியதோ! சரபோஜியின் வைத்தியர்களைப் போல ஒவ்வொரு நோயாளியின் பக்கத்திலும் கொடுத்த மருந்தையும் நேர்ந்த பலனையும் வரிசையாக எழுதியிருந்தால் அந்தப் பழி அத்தனை காலம் நின்றிராது.

எண்டோஸ்கோப் வந்த பிறகு ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் தைரியமாகச் சிகிச்சை செய்து, பலனைக் கணக்கெடுத்தார்கள். மூக்கடைப்பு, சளி, தலைக்கனம் ஆகியவை ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கும் நன்றாகத் தணிகின்றன. இழுப்பும் பலருக்குக் குறைந்து, இன்ஹேலரும் மாத்திரையும் முன்னளவு தேவைப்படாமற் போகின்றன. நெஞ்சின் பலத்தை ஊதி அளக்கும் கருவியில் அத்தனை பெரிய மாறுதல் எப்போதும் காணப்படுவதில்லை. சதை உள்ளவர்களுக்கு, அதிலும் ஆஸ்துமாவும் ஆஸ்பிரின் ஒவ்வாமையும் சேர்ந்தவர்களுக்கு, அது மறுபடி வளருவதும் இரண்டாவது ஆபரேஷன் வேண்டியிருப்பதும் மற்றவர்களைக் காட்டிலும் அதிகம். அலர்ஜி என்ற சொல்லை 1906-இல் படைத்த வியன்னா வைத்தியர் பிர்கே சுட்டியது உடம்பின் சுபாவத்தை. அந்தச் சுபாவத்தைக் கத்தியால் அறுக்க முடியாது. கத்தி திறந்துவிடுவது வழியை மட்டுமே. அந்த வழியாக ஸ்டீராய்டு ஸ்பிரேயும் உப்புநீரும் உள்ளே சென்று சேர்ந்தால்தான் பலன் நீடிக்கிறது. யோகிகள் மூக்கைக் கழுவச் செய்துவந்த ஜலநேதியை இன்று ரணவைத்தியர்களே ஆபரேஷனுக்குப் பின் செய்யச் சொல்லுகிறார்கள் என்பதைக் கேட்டால் என் பாட்டியார் மகிழ்ந்திருப்பார்.

இந்த மூக்கு நோயில், வெப்பமும் ஈரமும் தானியத் தூசியும் நிறைந்த நாடுகளுக்குரிய ஒரு வகை உண்டு. நனைந்த வைக்கோலில் படிகிற பூஞ்சணத்தின் இனத்தைச் சேர்ந்த ஆஸ்பர்ஜில்லஸ், ஒவ்வாமை உள்ளவரின் மூக்குக் குழிகளில் தங்கி, களிமண்ணைப் போன்ற கெட்டிச் சளியாக அடைத்துக்கொள்ளுவது. இதற்கு மருந்து மட்டும் போதாது, திறந்து எடுத்தே ஆகவேண்டும். எடுத்த பின்னும் மருந்தை விட்டால் திரும்ப வரும். இந்தியாவில் இது அரிதன்று. ஐப்பசி அடைமழையில் நனைந்த போரைப் பிரிக்கும்போது எழுகிற சாம்பல் நிறத் தூளைக் கண்டவர்கள் அதன் முன்னால் மூக்கைக் கட்டாமல் நிற்கலாகாது.

சித்தியின் மகளுக்கும் தாயாரின் நோய் வந்தது. 1990-களில் எண்டோஸ்கோப் சிகிச்சை ஆயிற்று. ஒரு மாதம் கழித்து ஒரு காலையில், தெருக்கோடியில் அரவை மில்லின் கொப்பரையில் புழுங்கல் நெல் வேகும் வாடை தனக்குத் தெரிகிறது என்று அவள் ஓடிவந்து சொன்னாள். ஏழு வருஷமாக எந்த மணமும் அறியாதவள். இழுப்பும் பெரும்பாலும் தணிந்துபோயிற்று. குணமாகிவிட்டது என்று இரண்டாம் வருஷம் ஸ்பிரேயை நிறுத்தினாள். அடுத்த தையில் மூக்கு அடைத்தது, மணம் போயிற்று, மாசியில் இழுப்பு வந்தது. அதன் பிறகு அவள் நிறுத்தவில்லை. இன்று நலமாக இருக்கிறாள்.

இழுப்பும் மூக்கடைப்பும் சேர்ந்து உள்ளவர்கள் இந்தச் சிகிச்சைக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆபரேஷனுக்கு முன் இழுப்பை நன்றாகத் தணித்துக்கொண்டு போங்கள். முடிந்த பின் ஸ்பிரேயையும் இன்ஹேலரையும் வைத்தியர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். எந்தத் தலைவலி மாத்திரையாவது எப்போதாவது உங்களுக்கு மூச்சுத் திணறலைத் தந்திருந்தால், அதன் பெயரை ஒரு சீட்டில் எழுதி, வைத்தியர் கேட்பதற்கு முன்பே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.